மழைக்கு முன்னாடி சார்ஜிங் பிரச்சனையை சரி பண்ணது

2018 நவம்பர்ல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தப்ப எங்க டெல்டால பல ஊர்ல வாரக்கணக்குல கரண்ட் இல்ல, அதுலேர்ந்து ஐப்பசி பொறந்தாலே பவர் பேங்க்கை ஃபுல்லா ஏத்தி வச்சிருவேன். இந்த தடவ போன்ல கேபிள் நிக்கவே இல்ல, லேசா ஆட்டுனா சார்ஜ் கட்டாகுது, வேற கேபிள் போட்டும் அதே கதை. சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டு டார்ச் அடிச்சு டைப்-சி ஓட்டைக்குள்ள பாத்தா சட்டைப்பை பஞ்சு அழுந்திக் கெடக்கு. பல்குத்துற மரக்குச்சியால ஓரமா மெதுவா நெம்பி எடுத்தேன் (ஊசி வேண்டவே வேண்டாம், உள்ள இருக்குற பின் போயிரும்), இப்ப டக்குனு உக்காருது.

வயர் இயர்போனையும் தூக்கிப் போட்டுடாதீங்க, எஃப்எம் இருக்குற போன்ல அதுதான் ஆன்டெனா, செல் டவர் படுத்தாலும் ரேடியோ நியூஸ் கேக்கலாம்.