24 இஞ்ச் பைப்புல பெவல் படிக்கட்டு ஆன கதை

திருச்சி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்ல 24 இஞ்ச் பைப்புக்கு செயின் கட்டிங் மிஷின்ல (பைப்ப சுத்தி செயின் மாட்டி ஓடுற கேஸ் கட்டிங் மிஷின்) 37.5 டிகிரி பெவல், அதாவது வெல்டிங்குக்காக பைப் விளிம்புல சரிவு, போட்டேன், ஒரு சுத்து வந்தா ஆரம்பிச்ச இடமும் முடிஞ்ச இடமும் சேரவே இல்ல, 4 எம்எம் தள்ளி படிக்கட்டு மாதிரி நிக்குது. நான் பாட்டுக்கு தீ வர்ற முனை, அதான் நாசில், ரெண்டு மாத்திட்டேன், தண்டம். ஃபிட்டர் அண்ணன் வந்து செயின கையால ஆட்டி காட்டுனாரு, தொளதொளன்னு இருக்கு, அதான் மிஷின் ஓடுறப்ப ஒரு பக்கமா நழுவிருக்கு. அப்புறம் ரேப் அரௌண்ட் (பைப்ப சுத்தி நேரா கோடு போடுறதுக்கான வளையுற பட்டை) சுத்தி சாக்பீஸ் கோடு போட்டு, செயின டைட் பண்ணி, கேஸ் பத்த வைக்காம சும்மா ஒரு ரவுண்டு ஓட்டுனேன், நாசில் கோட்டு மேலயே வந்துச்சு. பொறவுதான் கட்டிங். கிரைண்டர்ல கருப்பு போயி இரும்பு பளிச்சுனு தெரியுற வரைக்கும் தேச்சு, ரூட் ஃபேஸ் (சரிவுக்கு அடியில விடுற தட்டையான விளிம்பு) 1.6 எம்எம் வெச்சேன், ஃபிட்டப்ல, அதாவது வெல்டிங்குக்கு ரெண்டு பைப்பையும் சேத்து வெக்கிறப்ப, கேப் சுத்திலும் 3 எம்எம்.