வாலை மட்டும் ஒப்பிடுங்கள்

'இரண்டு உயிரினங்களை ஒப்பிடுக' என்று மகளுக்குப் பள்ளியில் வேலை கொடுத்தார்கள். அவள் எடுத்தது கலிபோர்னியா தரை அணிலையும் அன்னா ஹம்மிங்பேர்டையும். நான் எடை, நிறம், உணவு என்று கட்டம் போட்டேன். அணில் அரைக் கிலோ, பறவை 4 கிராம். சரி, அதற்கப்புறம்? "முதுகில் மூணு கோடு எங்கேப்பா?" என்றாள். அது நம்மூர் அணிலுக்குத்தான்.

கட்டத்தைக் கிழித்துவிட்டு ஒரே ஓர் உறுப்பை எடுத்துக்கொண்டோம்: வால். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மார்ச், ஏப்ரல் காலை நேரம் நல்லது. கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ ஊரிலுள்ள ஷோர்லைன் பூங்காவில் அணில் வளைகள் ஏராளம். பத்தடி தள்ளி உட்காருங்கள், தீனி போடாதீர்கள். பாம்பைக் கண்டால் அணில் வாலை உயர்த்தி வீசும். எதிரில் இருப்பது கிலுகிலுப்பைப் பாம்பு என்றால் வாலைச் சூடேற்றியும் வீசும். அந்தப் பாம்புக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே வெப்பம் உணரும் குழி உண்டு. அந்தக் குழி இல்லாத கோஃபர் பாம்புக்கு முன்னால் வால் சூடாவதில்லை. டேவிஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்டது இது. வளர்ந்த அணிலின் ரத்தம் கிலுகிலுப்பைப் பாம்பின் விஷத்தை ஓரளவு தாங்கும், குட்டிக்குத் தாங்காது. வீச்செல்லாம் பெரும்பாலும் குட்டிகளுக்காகத்தான். பாம்பைத் தேடிப் போக வேண்டாம், இதைப் படித்து எழுதினால் போதும்.

பறவைக்குப் பைனாகுலரைவிடக் காது முக்கியம். மொட்டைக் கிளை நுனியில் உட்கார்ந்திருக்கும் ஆணைப் பாருங்கள். தொண்டை ரோஜா நிறத்தில் மின்னும். திடீரென்று 30 மீட்டர் வரை மேலே ஏறிச் செங்குத்தாகக் கீழே பாயும். அடியில் வந்து திரும்பும்போது 'கீச்' என்று ஒரு சத்தம். தொண்டையிலிருந்து வருவதில்லை அது. வாலை ஒரு கணம் விரிக்கும்போது அதன் ஓர இறகுகள் காற்றில் அதிர்ந்து எழுப்புவது. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அந்த இறகுகளை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள், சத்தம் நின்றுவிட்டது. கண்ணால் அந்த விரிப்பைப் பிடிக்க முடியாது, போனில் ஸ்லோமோஷன் வைத்துப் பாருங்கள்.

இனி இரண்டே கேள்விகள்: வால் யாரிடம் பேசுகிறது? கேட்பவர் எதனால் உணர்கிறார்?

மகள் அணிலின் வாலைச் சிவப்பாகத் தீட்டியிருந்தாள். ஏன் என்று ஆசிரியர் கேட்டாராம். "பாம்புக்குத் தெரியுற மாதிரி வரைஞ்சேன்" என்றாளாம்.