அனலாக் ஒலி தேடிப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

மும்பை செம்பூரில் என்னுடைய பத்துக்குப் பத்து அறையில் ஒரு முருகன் பாட்டுப் பதிவு. மாதுங்காவிலிருந்து பாட வந்த மாமிக்கு சுருதி ஐந்தரைக் கட்டை. தம்புரா ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கு அடியில் நான் ஒரு சிந்த் பேட் (சிந்தசைசரில் நீளமாக நிற்கும் ஒலி) போட்டு வைத்திருக்கிறேன். மாமி ஹெட்ஃபோனை மாட்டினார், இரண்டு வரி பாடினார், நிறுத்திவிட்டார்.

“ஏம்பா, தம்புரா சரியாத்தான் இருக்கு. பக்கத்துல ஏதோ ஒண்ணு ஊஞ்சல் ஆடறதே, அது என்ன?”

அந்த ஊஞ்சலைக் கட்ட எனக்கு அரை நாள் ஆகியிருந்தது. ஆசிலேட்டர், அதாவது சிந்தில் ஒலி அலையை உண்டாக்கும் பகுதி, கொஞ்சம் தடுமாறினால்தான் பழைய அனலாக் சிந்த் மாதிரி இருக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, அந்தத் தடுமாற்றத்தைக் கூட்டும் டிரிஃப்ட் குமிழை முக்கால்வாசி திருப்பி வைத்திருந்தேன். பழைய சிந்த் மெஷின்களை மென்பொருள் நகலில் (பிளக்கின்) வாசிக்கிற எல்லோரும் முதலில் செய்யும் தப்பு இதுதான் என்று நினைக்கிறேன்.

டிரிஃப்ட் என்பது அந்தக் காலத்து எஞ்சினியர்கள் ஒழித்துக்கட்டப் படாதபாடு பட்ட விஷயம். ஆசிலேட்டர் சர்க்யூட்டில் இருக்கும் டிரான்சிஸ்டர் சூடேறினால் சுருதி நகரும். அதனால் மெஷினைப் போட்டுவிட்டு சூடாகும் வரை காத்திருந்து வாசிப்பார்கள். 1978-இல் வந்த ப்ராஃபெட்-5 சிந்தில் சுருதியைத் தானே சரி செய்துகொள்ள ஒரு பட்டனே இருந்தது. 1982-இல் வந்த ஜூனோ-60 இன்னும் ஒரு படி மேலே போனது: ஆசிலேட்டரின் சுருதியை டிஜிட்டல் கடிகாரம் பிடித்துக்கொள்ளும், அது நகரவே நகராது. ஆக, ஜூனோ பிளக்கினில் டிரிஃப்டை ஏற்றி ‘ஒரிஜினல் மாதிரி இருக்கு’ என்று சொல்கிறவர், ஒரிஜினலில் இல்லாத ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். மேற்கத்திய பாப் பாட்டில் இது பெரிதாகத் தெரியாது. தம்புராவை வைத்துக்கொண்டு வேலை செய்யும் நமக்கு உடனே காதில் குத்தும். பாடகர் உள்ளே வருமுன் டிரிஃப்டைச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, தம்புராவோடு சேர்த்துக் கேட்டபடியே மெல்ல ஏற்றுங்கள். அலை அடிப்பது (ஒலி ஏறி இறங்குவது) காதில் பட்ட இடத்திலிருந்து கொஞ்சம் பின்னால் வந்து நிறுத்திவிடுங்கள்.

டீட்யூனும் (இரண்டு ஆசிலேட்டரின் சுருதியை வேண்டுமென்றே விலக்கி வைப்பது) இதே குடும்பம்தான். இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, பேஸ் போடுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. இரண்டு ஆசிலேட்டரை 5 சென்ட் (ஒரு அரைச்சுரத்தில் நூறில் ஐந்து பங்கு) விலக்கி வைக்கிறீர்கள் என்று வையுங்கள். மேலே 880 ஹெர்ட்ஸில் அந்த விலகல் வினாடிக்கு இரண்டரை அலையாகக் கேட்கும், அழகாக மினுங்கும். அதே 5 சென்ட், கீழே 55 ஹெர்ட்ஸ் பேஸில் ஆறு வினாடிக்கு ஒரு அலைதான். அந்த ஆறு வினாடிக்குள் ஒரு கட்டத்தில் இரண்டு அலையும் எதிரெதிராகப் போய் அடிநாதமே காணாமல் போகும். ‘முதல் பாரில் பேஸ் கும்முன்னு இருந்துச்சு, மூணாவது பாரில் எங்க போச்சு’ என்று சத்தத்தைச் சமன் செய்யும் கம்ப்ரசரைத் தேடிப் போவார்கள். இதற்குக் கம்ப்ரசர் என்ன செய்யும்?

இதோடு ஒட்டிய இன்னொன்று: பழைய மெஷின்களில் ஆசிலேட்டர்கள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், கட்டையை அழுத்தும்போது அலை எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கிருந்து ஒலி வரும். நல்ல மென்பொருள்கள் இதையும் அப்படியே செய்கின்றன. அதனால் ஒவ்வொரு அடியும் துளி வேறாகத் தொடங்கும். பேடுக்கு இது உயிர் கொடுக்கும். கிக் டிரம்மோடு சேர்ந்து விழ வேண்டிய பேஸுக்கு இது தொல்லை. ஒவ்வொரு தடவையும் அலையை ஒரே இடத்திலிருந்து தொடங்க வைக்கும் ரீசெட் வசதி இருந்தால் பேஸுக்கு மட்டும் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் மூன்று நான்கு தடவை ஆடியோவாக இறக்கி, நன்றாக விழுந்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அடுத்தது லெவல். மினிமோக் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். (‘மினிமூக்’ என்று சொன்னால் பெரிய குற்றமில்லை, ஆனால் ராபர்ட் மோக் தன் பெயரை மூக்கோடு சேர்த்துச் சொல்வதில்லை.) 1970-இல் வந்த மினிமோக் மாடல் டி-யில் மூன்று ஆசிலேட்டர், அவற்றைக் கலக்க ஒரு மிக்ஸர், பிறகு ஒலியின் மேல்பகுதியை வெட்டும் ஏணி ஃபில்டர். மூன்றையும் முழுக்கத் திறந்தால் ஃபில்டருக்குள் போகும் சிக்னல் அதிகமாகி லேசாக நசுங்கும். நாம் தடிமனான ஒலி என்று சொல்வதில் பாதி இந்த நசுங்கல்தான். மென்பொருளில் ஆசிலேட்டர் வால்யூமை நம் ஆட்கள் வெறும் சத்தம் கூட்டும் குமிழாக நினைத்து எல்லாவற்றையும் பத்தில் வைத்துவிடுகிறார்கள், அப்புறம் ஒலி கரகரவென்று மூச்சுமுட்டுகிறது என்கிறார்கள். ஒரு தடவை இதைச் செய்து பாருங்கள்: மிக்ஸரில் எல்லா ஆசிலேட்டரையும் ஐந்துக்கு இறக்கி, இழந்த சத்தத்தைக் கடைசி வால்யூமில் ஏற்றுங்கள். சத்தம் அதேதான். ஆனால் ஒலி வழவழப்பாக, கொஞ்சம் பின்னால் நின்று பேசுவது போல மாறியிருக்கும். எது வேண்டும் என்பது பாட்டைப் பொறுத்தது. பத்தில் வைத்ததே தெரியாமல் வைப்பதுதான் தப்பு.

அந்த ஏணி ஃபில்டரில் ரெசனன்ஸை (வெட்டும் இடத்தைக் கூர்மையாக எடுத்துக்காட்டும் குமிழ்) ஏற்றினால் அடிநாதம் மெலியும். அது பிளக்கினின் பிழை இல்லை, மெஷினின் குணம். அதைச் சரிசெய்கிறேன் என்று ஈக்யூவில் கீழே ஆறு டெசிபல் தூக்கினால் மிக்ஸ் மொத்தமும் கொழகொழவென்று ஆகும். ரெசனன்ஸைக் குறையுங்கள். முடியாது என்றால் அடியில் ஒரு சைன் அலையைத் தனி ட்ராக்கில் வையுங்கள்.

இங்கே பிரீசெட் (சிந்தோடு தயாராக வரும் ஒலி) விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு இனிப்பு வைப்பது போல, பிரீசெட் எல்லாம் ரிவெர்ப், டிலே, விரித்த ஸ்டீரியோ என்று அலங்காரத்தோடு வரும். தனியாகக் கேட்டால் சொக்க வைக்கும். பாட்டுக்குள் வைத்தால் குரலுக்கு இடமே இருக்காது. பிரீசெட்டைத் திறந்ததும் நான் செய்யும் முதல் வேலை எஃபெக்ட் பக்கத்தை அணைப்பது. அணைத்த பிறகும் ஒலி நின்றால் வைத்துக்கொள்வேன். பாதி பிரீசெட் நிற்காது. இரண்டு சிந்தை ஒப்பிடும்போதும் சத்த அளவைச் சமமாக்காமல் ஒப்பிடாதீர்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதைத்தான் காது ‘நல்ல சிந்த்’ என்று தேர்ந்தெடுக்கும்.

தாராவி 90 அடி ரோட்டிலிருந்து ஒரு பையன் வருவான், கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு. மினிமோக் பிளக்கினைப் பாலிஃபோனிக்காக (ஒரே நேரத்தில் பல சுரம்) மாற்றிவிட்டு இரண்டு கையாலும் எட்டு சுரம் அமுக்குவான். எட்டு சுரத்துக்கு மூன்று வீதம் இருபத்துநான்கு ஆசிலேட்டர், ஒவ்வொன்றும் விலகி நிற்கிறது. “அண்ணே, ஏன் சேறு மாதிரி இருக்கு?” என்று கேட்டான். அசல் மெஷின் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வாசிக்கும். அந்த மூன்று ஆசிலேட்டரின் கனமும் ஒற்றைச் சுரத்துக்காக அளந்தது. ஜூனோவில் ஆறு குரல், ஆனால் குரலுக்கு ஒரு ஆசிலேட்டரும் அதற்குக் கீழே ஒரு சப் ஆசிலேட்டரும்தான். அதனால்தான் அதில் கார்டு (பல சுரம் சேர்ந்து ஒலிப்பது) தெளிவாக இருக்கும். எது கார்டு வாசிக்கப் பிறந்தது, எது தனிக்குரலுக்கு என்று பார்த்து எடுத்தால் ஈக்யூ வேலை பாதி குறையும்.

ஜூனோ என்றதும் கோரஸ், ஒரு குரலைப் பல குரல் போலக் காட்டும் எஃபெக்ட். ஒற்றை ஆசிலேட்டரின் மெலிவை மறைக்க வைத்த ஸ்டீரியோ கோரஸ்தான் அந்த மெஷினின் முகவரியே. அதன் மேல் இன்னொரு கோரஸ், அதற்கும் மேல் ஸ்டீரியோ விரிப்பான் என்று போடுகிறவர்கள் ஒரு தடவையாவது மோனோவில் (இடம், வலம் இரண்டையும் ஒன்றாக்கி) கேட்க வேண்டும். பிள்ளையார் சதுர்த்திப் பந்தலிலும் கல்யாண மண்டபத்திலும் ஸ்பீக்கர்களைப் பெரும்பாலும் மோனோவில்தான் கட்டுகிறார்கள். ஹெட்ஃபோனில் அறை முழுக்கப் பரவிய பேட், அங்கே போனதும் ஏதோ குழாய்க்குள்ளிருந்து வருவது போல ஒல்லியாகும். எனக்கு இது ஒரு தடவை எல்லோர் முன்னாலும் நடந்தது, விவரம் வேண்டாம்.

கமகம் வாசிக்க நினைப்பவர்களுக்குத் தனியாகச் சில சொல்ல வேண்டும். பெரும்பாலான சிந்த்களில் பிட்ச் வீலின் எல்லை இரண்டு அரைச்சுரம். ‘பத்தவில்லை’ என்று அதைப் பன்னிரண்டாக்கிவிடுவார்கள். வீல் ஒரு நூல் அசைந்தாலே அரைச்சுரம் தாண்டும்போது காந்தாரத்தை எப்படி அசைப்பது? இரண்டிலோ மூன்றிலோ விடுங்கள். ச-விலிருந்து ப-வுக்குப் போகும் நீண்ட ஜாருவுக்கு மோனோ (ஒரு நேரத்தில் ஒரு சுரம்), லெகாட்டோ (விடாமல் தொடர்வது), கிளைடு (சுரத்திலிருந்து சுரத்துக்குச் சறுக்குவது) மூன்றையும் போட்டு, முதல் கட்டையை விடாமல் அடுத்ததை அழுத்துங்கள். சுருதி பிடிக்கும் பேடையும் கமகம் வாசிக்கும் ஒலியையும் ஒரே ட்ராக்கில் வைக்காதீர்கள், வீலைத் திருப்பினால் ச-வும் சேர்ந்து வளையும். கோரஸ் அறவே வேண்டாம். அது தானாகச் சுருதியை ஆட்டும் எஃபெக்ட். உங்கள் கை ஆட்டுவதும் அது ஆட்டுவதும் ஒன்றோடொன்று சண்டை போடும்.

சறுக்கும் சுரத்தை ராகத்தோடு சேர்த்த கதை இந்த ஊரில் பழசு. பாலிவுட் ஸ்டுடியோக்களில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982-இல் இதே மும்பையில் ரோலண்டின் டி.பி.-303 பேஸ் பெட்டி, டி.ஆர்.-808 டிரம் மெஷின், ஜூபிடர்-8 சிந்த் மூன்றையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை வாசித்துப் பதிவு செய்தார். 303 கிட்டார் வாசிப்பவர்களுக்குப் பக்கவாத்தியமாக பேஸ் போடச் செய்த பெட்டி. ஒரு நேரத்தில் ஒரு சுரம், ஒரு ஆசிலேட்டர், அவ்வளவுதான். இன்று அதைப் பிளக்கினில் வாசிக்கிறவர்கள் மேலே நான்கு எஃபெக்ட் போட்டுவிட்டு, ஸ்லைடையும் (சறுக்கல்) ஆக்சென்டையும் (அழுத்தம்) தொடாமலேயே விடுகிறார்கள். அந்தப் பெட்டியின் உயிரே அந்த இரண்டில்தான்.

அலியாசிங் என்று ஒன்று உண்டு, டிஜிட்டலுக்கே உரிய நோய். வினாடிக்கு 44,100 சாம்பிள் எடுக்கும்போது, அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் போகிற ஸ்வரப்பிரிவுகள் (ஹார்மோனிக்ஸ்) மடங்கிக் கீழே விழும். 3,000 ஹெர்ட்ஸ் ரம்பப்பல் அலையின் பதினான்காவது ஸ்வரப்பிரிவு 42,000. அது மடங்கி 2,100-இல், அதாவது மூலச் சுரத்துக்கும் கீழே, சம்பந்தமில்லாத இடத்தில் வந்து உட்காரும். சோதிப்பது சுலபம்: ஃபில்டரை முழுக்கத் திறந்து, மேல் ஸ்தாயியில் ஒரு சுரத்தை அழுத்தி, பிட்ச் வீலை மெல்ல மேலே தள்ளுங்கள். ஒலி மேலே போகும்போது அடியில் ஏதாவது ஒன்று எதிர்த்திசையில் இறங்கினால் அதுதான். ஓவர்சாம்பிளிங் அல்லது உயர்தர மோடு இருந்தால் போடுங்கள்.

உயர்தர மோடு என்றதும் ப்ராசசர் நினைவுக்கு வரும். யு-ஹி நிறுவனத்தின் டிவா பிளக்கின் இதில் பேர் போனது: டிராஃப்ட் முதல் டிவைன் வரை நான்கு தரம். பழைய லேப்டாப்பில் டிவைனில் நான்கு ட்ராக் வைத்தால் டப் டப் என்று வெட்டும். இசையமைக்கும்போது குறைந்த தரத்தில் வைத்து, கடைசியில் ஏற்றி ஆடியோவாக இறக்கலாம், ஆனால் இறக்கியதை ஒரு தடவை கேட்காமல் அனுப்பாதீர்கள். ரெசனன்ஸ் அதிகமான இடங்களில் வித்தியாசம் தெரியும். பாட்டுப் பதிவுக்கு முந்தைய நாளே சிந்த் ட்ராக்குகளை ஃப்ரீஸ் செய்துவிடுங்கள் (ஆடியோவாக உறைய வைப்பது). மே மாதம், ஹார்பர் லைன் ஹாரனுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியிருக்கிறோம், லேப்டாப் ஃபேன் அலறுகிறது, மைக்கில் குரலுக்குப் பின்னால் அதுவும் பதிவாகிறது.

கடைசியாக, வாங்குவது. எனக்குப் பிடித்தவை என்று கேட்டால் கார்டுக்கு ஜூனோ நகலான டாலின் யு-நோ-எல்எக்ஸ், மற்றதுக்கு டிவா. ஆர்டூரியா மாதிரி மொத்தத் தொகுப்பு வாங்கினால் ஏகப்பட்ட மெஷின் ஒன்றாகக் கிடைக்கும். கிடைத்த அன்றைக்கு எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டு எதையும் கற்றுக்கொள்ளாமல் இருப்போம், நானும் இருந்தேன். இலவசமாகவே டைரெல் என்6 இருக்கிறது, நாய்ஸ்மேக்கர் இருக்கிறது, சர்ஜ் எக்ஸ்டி இருக்கிறது. திருட்டு மென்பொருள் (கிராக்) போட்டு லேப்டாப்பில் வைரஸ் ஏற்றிக்கொள்ள இன்று ஒரு காரணமும் இல்லை. 90 அடி ரோட்டுப் பையனிடம் டைரெலை மட்டும் வைத்துக்கொள், பிரீசெட் எதையும் தொடாதே, வெறும் பேட்சிலிருந்து ஒரு பேஸ், ஒரு பேட், ஒரு தனிக்குரல் செய்துகொண்டு வா என்றேன்.

பத்து நாள் கழித்து வாட்ஸ்அப்பில் பேஸை அனுப்பினான். செம்பூர் பிளாட்ஃபாரத்தில் நின்று இயர்ஃபோனில் கேட்டேன். ஒலி நன்றாக இருந்தது, எஃபெக்ட் ஒன்றும் இல்லை. மூன்றாவது பாரில் பேஸைக் காணோம். “டீட்யூன் எத்தனை சென்ட்?” என்று கேட்டு அனுப்பினேன்.