லேசர் முடிந்த மறுநாள் பார்வையை வைத்து முடிவு கட்டாதீர்கள்

கண்ணாடி பவரைச் சரிசெய்யும் லேசர் சிகிச்சையான லேசிக்கை நான் செய்துகொண்டது ஆடி மாதத்தில். மறுநாள் காலை, தினசரி காலண்டரில் ராகு காலம் போட்டிருக்கும் சின்ன எழுத்துகூடக் கண்ணாடி இல்லாமல் தெரிந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். அதுதான் முதல் தவறு. நாலாம் நாள் சாயங்காலம் அதே எழுத்து மங்கிப்போனது.

லேசிக்கில் கருவிழியின் மேல்பகுதியை மெல்லிய மடலாக வெட்டித் தூக்கி, உள்ளே லேசர் அடிக்கிறார்கள். மடலோடு நுண்ணிய நரம்புகளும் அறுபடும். கண் காய்வது கண்ணுக்கே சரியாகத் தெரியாது. கண்ணீர் குறையும், இமைப்பதும் குறையும். நரம்பு திரும்ப வளரப் பல மாதம் ஆகும். போதாததற்கு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலையை மட்டுமா சுழற்றுகிறது? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தே என் கண்ணைக் காயவிட்டேன். இமைத்தாலோ, செயற்கைக் கண்ணீர் விட்டாலோ தெளிந்தால் அந்த மங்கல் பெரும்பாலும் வறட்சிதான். வலி, சிவப்பு, வெளிச்சத்தில் கூச்சம் சேர்ந்துகொண்டு பார்வை குறைந்துகொண்டே போனால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.

அடுத்தவரோடு ஒப்பிடுவது இன்னொரு தவறு. என் மச்சானுக்குச் செய்தது பிஆர்கே என்ற இன்னொரு வகை லேசர். அதில் மடல் இல்லை; மேல்தோலை நீக்கி, அது வளரும் வரை நாலைந்து நாள் காயத்தை மூடிவைக்கும் பேண்டேஜ் லென்ஸ் வைப்பார்கள். மூன்றாம் நாள் முதல் நாளைவிட மோசமாகத் தெரியலாம், தெளிவு வரப் பல வாரம் ஆகலாம். "உனக்கு மட்டும் எப்படி?" என்று அவர் பயந்ததுதான் மிச்சம்.

கண்ணைக் கசக்குவதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். திருப்பூர் பனியன் கம்பெனியில் பஞ்சுத் தூசி விழுந்தால் கை தானாகப் போகும். மடல் நகர்ந்தால் திரும்பப் போய் டாக்டர்தான் சரிசெய்ய வேண்டும். தூக்கத்தில் கை போகாமலிருக்கத்தான் ராத்திரி போட்டுக்கொள்ளக் கண்மூடி தருகிறார்கள். அம்முச்சி (அம்மாவின் அம்மா), "ரண்டு சொட்டு வெளக்கெண்ணெய் உட்டா குளுகுளுன்னு ஆயிரும் கண்ணு" என்றார். அதுவும் வேண்டாம், கிணற்றில் குதிப்பதும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் டாக்டர் சரி என்று சொல்லும்வரை வேண்டாம்.

கண்ணில் அழற்சியைக் குறைக்க டாக்டர் தரும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தவும் கூடாது, பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மறுபடி வாங்கி ஊற்றவும் கூடாது. கண்ணழுத்தம் ஏறும், ஏறுவது வெளியே தெரியாது.

ராத்திரி அவிநாசி ரோட்டில் எதிரே வரும் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதா? ஆரம்பத்தில் பலருக்கும் உண்டு, பெரும்பாலும் சில மாதத்தில் குறையும். அதுவரை ராத்திரி வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும்.

மிச்சம் கொஞ்சம் பவர் இருக்கிறது என்று முதல் மாதமே புதுக் கண்ணாடி போட்டுவிடாதீர்கள். பவர் நிலைக்க மூன்று மாதமாவது ஆகும். மறுபடி லேசர் அடிப்பதென்றால், கருவிழியில் மிச்சமிருக்கும் கனத்தை அளந்த பிறகுதான் டாக்டரே முடிவு சொல்வார்.