எக்செலில் 12 படங்களை ஒரே சுழற்சியில் ஏற்றும் முறை

கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி ஒன்றின் விலைப்பட்டியலை எக்செலில் அமைத்தபோது, பெங்களூரா, நீலம், செந்தூரா என 12 ரகங்களின் படங்களையும் தனித்தனி மேக்ரோ (எக்செல் வேலைகளைத் தானாகச் செய்யும் விபிஏ நிரல்) வரிகளால் ஏற்றியிருந்தேன். கோப்புறையின் பெயர் மாறியதும் 12 வரிகளையும் திருத்த வேண்டியதாயிற்று. ஒரே கட்டளையை எண் வரிசையில் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு ஃபார்-நெக்ஸ்ட் (For-Next) சுழற்சி இந்த வேலையை முழுவதும் செய்துவிடும்.

தாளில் உள்ள ஆக்டிவ்எக்ஸ் (தாளில் செருகி நிரலால் இயக்கும்) படப் பெட்டிகளுக்கு இமேஜ்1 (Image1) முதல் இமேஜ்12 வரை பெயரிட்டு, படக்கோப்புகளையும் அதே எண்களில் சேமித்துக்கொள்ளுங்கள். சுழற்சிக்குள் "இமேஜ்" என்ற சொல்லோடு எண்ணை & குறியால் இணைத்து, அந்தப் பெயரைத் தாளில் செருகிய பெட்டிகளின் தொகுப்பான ஓஎல்இஆப்ஜெக்ட்ஸில் (OLEObjects) எடுத்து, அதன் ஆப்ஜெக்ட் (Object) வழியாகப் பிக்சர் (Picture) பண்புக்கு, கோப்பிலிருந்து படத்தை ஏற்றும் லோட்பிக்சர் (LoadPicture) தரும் படத்தை அளிக்க வேண்டும். இடையில் வரும் அந்த ஆப்ஜெக்ட்டை விட்டுவிட்டால் பிழைதான் வரும். படப் பெட்டிகள் தாளில் இல்லாமல் யூசர்ஃபார்மில் (தனியே திறக்கும் படிவச் சாளரம்) இருந்தால் கன்ட்ரோல்ஸ் (Controls) தொகுப்பே போதும்.

லோட்பிக்சர் பிஎன்ஜி கோப்பை ஏற்காமல் பிழை எண் 481 காட்டி நின்றுவிடும் என்பதால், படங்களை ஜேபிஜியாக மாற்றிச் சேமியுங்கள். கோப்பின் பின்னொட்டை மட்டும் மாற்றினால் பயனில்லை. கோப்பே இல்லையென்றால் பிழை 53 வரும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் டிர் (Dir) கட்டளையைக் கொண்டு கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லாதபோது லோட்பிக்சருக்கு வெற்றுச் சரத்தைக் கொடுத்துப் பெட்டியைக் காலியாக்குங்கள். நீலத்தின் விலைக்கு நேரே செந்தூராவின் பழைய படம் நின்றால், வாங்க வந்தவர் பட்டியலையே நம்பமாட்டார்.