ஜெர்மன்காரனுக்கு எழுதிப் போடுவதற்கு முன்னால்

ஏதாவது ஒரு கிளைக்கிராமத்துச் சிற்றாலயம் ஒழுக ஆரம்பித்தால் போதும், "ஜெர்மன்காரனுக்கு ஒரு லெட்டர் போடுங்க சாமி" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஜெர்மனியிலிருந்து பண உதவி செய்யும் கத்தோலிக்க அமைப்புகளைத்தான் அப்படிச் சொல்வது. கும்பகோணம் முதல் வேளாங்கண்ணி வரை இதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் ஆலய நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப்பேரவையில் சில வருடம் கணக்கு எழுதியவன், விண்ணப்பங்களுக்கு இணைப்பு சேர்த்துக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் தவறு அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. ஜெர்மன்காரன் என்று ஒரே ஆள் கிடையாது.

மிசேரியோர் 1958-இல் ஜெர்மன் ஆயர்கள் தொடங்கியது. பசி, வறுமை, நோய் இவைதான் அதன் வேலை. விதை, பாசனம், தொழிற்பயிற்சி என்று போனால் கேட்பார்கள். கோயில் கட்ட என்றால் கடிதம் அங்கேயே நின்றுவிடும். அட்வேனியாத் லத்தீன் அமெரிக்காவுக்கு, ரெனோவாபிஸ் கிழக்கு ஐரோப்பாவுக்கு. 1849-இலிருந்து இருக்கும் போனிஃபாத்தியுஸ்வெர்க், புராட்டஸ்டன்ட்டுகள் நிறைந்த இடங்களில் சிதறி வாழும் கத்தோலிக்கருக்கு உதவுவது: வடக்கு, கிழக்கு ஜெர்மனி, நார்வே, சுவீடன், பால்டிக் கடலோரம். பூசைக்கும் மறைக்கல்விக்கும் வெகுதூரம் போகவேண்டிய பிள்ளைகளுக்கு மஞ்சள் வேன் வாங்கிக் கொடுப்பதும் அவர்கள் செய்யும் வேலைதான். நார்வேயில் அப்படிச் சிறுபான்மையாக வாழும் கத்தோலிக்கரில் ஈழத்தமிழர்களும் உண்டு. ஆக, அந்தப் பணம் தமிழர் கைக்குப் போகலாம், தஞ்சாவூருக்கு வராது.

நம் ஊர்ச் சிற்றாலயம், உபதேசியார் பயிற்சி, குருமாணவர் படிப்பு போன்றவற்றுக்குப் பொருந்தி வருவது மறைபரப்புப் பணிக்கு உதவும் மிஸ்ஸியோ, அப்புறம் 'எய்டு டு தி சர்ச் இன் நீட்' (தேவையில் இருக்கும் திருச்சபைக்கு உதவி) என்கிற ஏ.சி.என். ஒரே கடிதத்தை நகலெடுத்து எல்லாருக்கும் அனுப்பாதீர்கள். வேறு எங்கே விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்று கேட்பது வழக்கம்; மறைத்தது தெரிந்தால் அடுத்த முறைக்கும் கெட்ட பெயர்.

இரண்டாவது, அங்கே பணம் கொட்டிக்கிடக்கிறது என்ற நினைப்பு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் வந்து இறங்கிய நிவாரணத்தைப் பார்த்து இது நம் மனதில் ஊன்றிவிட்டது என்று நினைக்கிறேன். அது பேரிடர்ப் பணம், மதம் பார்க்காமல் கொடுத்தது. கோயிலுக்கு வரும் பணத்தின் கதை வேறு.

ஏ.சி.என். தொடங்கியது 1947-இல். போருக்குப் பிறகு கிழக்கிலிருந்து விரட்டப்பட்ட லட்சக்கணக்கான ஜெர்மானியர் அகதிகளாகக் கிடந்தார்கள். பெல்ஜியத்தில் தொங்கர்லோ மடத்தில் இருந்த வெரன்ஃபிரீட் வான் ஸ்ட்ராட்டன் என்ற டச்சுத் துறவி, நேற்றுவரை எதிரிகளாக இருந்த அவர்களுக்காக ஃபிளாண்டர்ஸ் விவசாயிகளிடம் கையேந்தினார். அவர்களிடம் காசில்லை, பன்றி இருந்தது. உப்புக்கண்டம் போட்ட பன்றி இறைச்சியை டன் கணக்கில் கொடுத்தார்கள். சாமியாருக்கு அதுவே பட்டப்பெயராகிவிட்டது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைத்துக் கோயிலுக்குக் கொடுத்த நம் பாட்டிமார்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பிடியரிசி இங்கே, பன்றி இறைச்சி அங்கே. இன்றும் அந்த அமைப்பு அரசுப் பணத்தில் அல்ல, தனியாட்கள் கொடுக்கும் நன்கொடையில்தான் நடக்கிறது.

அதனால்தான் விண்ணப்பத்தில் "ஊர் மக்கள் பங்கு எவ்வளவு?" என்ற கட்டத்தை அவர்கள் கூர்ந்து பார்க்கிறார்கள். நம்மவர்கள் அங்கே "ஏழை விவசாயக் கூலிகள், இயலாது" என்று எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் கிரானைட் பீடத்துக்கு மதிப்பீடு வைக்கிறார்கள்! சம்பா அறுவடைக்குப் பிறகு வீட்டுக்கு ஒரு மூட்டை நெல், மண் சுமந்த ஆட்களின் கூலி, கொத்தனாருக்குப் போட்ட மதியச் சாப்பாடு, எல்லாவற்றையும் ரூபாயாக்கி எழுதுங்கள். அதுவும் பங்குதான்.

மூன்றாவது எங்களுக்கே நடந்தது. குறுவை நன்றாக விளைந்த ஒரு வருடம், உற்சாகத்தில் கடைக்கால் தோண்டி லிண்டல் மட்டம் வரை சுவர் எழுப்பிவிட்டு, அதன்பிறகு விண்ணப்பம் போட்டோம். செய்து முடித்த வேலைக்கும் வாங்கிய கடனுக்கும் தருவதில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. இரண்டு ஐப்பசி மழையில் அந்தச் சுவரில் பாசி ஏறியதுதான் மிச்சம். பதில் வரும்வரை ஒரு செங்கல்லும் வைக்காதீர்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று அதற்கும் முன்பே பாருங்கள். தாத்தா வாய்மொழியாகக் கொடுத்த இடம் செல்லாது. ஆயரின் ஒப்புதல் கடிதம் இல்லாமல் எதுவும் நகராது.

நான்காவதுதான் இப்போது பலரை மாட்டிவிடுவது: எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டம். 2010-இல் வந்தது, 2020-இல் இறுக்கப்பட்டது. பணம் முதலில் புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வரவேண்டும். வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. திருவிழாக் கணக்கு எண்ணையோ ஃபாதரின் சொந்தக் கணக்கையோ எழுதி அனுப்பினால் உதவியாக அல்ல, வழக்காக வந்து சேரும். மறைமாவட்ட அலுவலகத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு காலாவதி ஆகாமல் இருக்கிறதா, எந்த நோக்கத்துக்கான பதிவு? சமூகப் பணிக்கு என்று பதிந்த சங்கத்தின் வழியாகச் சிற்றாலயப் பணம் வாங்குவது வம்பு.

காரைக்கால் பக்கத்தவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். அங்கே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் உண்டு. பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா தேர் செலவுக்கென்று ரூபாய் நோட்டாகவே கொடுத்தாலும், அவர் பிரெஞ்சுக் குடிமகன் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை. துபாயில் வேலை பார்க்கும், இந்தியக் குடிமகனாகவே இருக்கிற மச்சான் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது அப்படி இல்லை. குடியுரிமைதான் கணக்கு, எந்த ஊரில் இருக்கிறார் என்பது அல்ல.

"உங்கள் ஆலயத்துக்குப் பெருந்தொகை ஒதுக்கியிருக்கிறோம், நடைமுறைக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். கொடுப்பவன் முன்பணம் கேட்கமாட்டான்.

பணம் வந்த பிறகு நடக்கும் தவறு ஒன்றுதான், ஆனால் அடிக்கடி நடக்கிறது. கூரைக்கு வந்ததில் கொடிமரம் வைப்பது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். இருந்தாலும் மாற்றுவதற்கு முன்பே எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வைக்கவேண்டும். சிமெண்ட் பில், கம்பி பில் எல்லாம் தேதி வாரியாக. படங்களில் பொன்னாடை போர்த்தும் காட்சி வேண்டாம். கூரைக்குக் கீழே சனங்கள் உட்கார்ந்து ஜெபிக்கும் படம் ஒன்று போதும்.

அக்டோபரில் மறைபரப்பு ஞாயிறன்று எங்கள் பங்கிலும் ஏலம் உண்டு. சேவல், வாழைத்தார், வீட்டில் சுட்ட முறுக்கு. போன முறை ஒரு பாட்டி பறங்கிக்காயை 300 ரூபாய்க்கு எடுத்துவிட்டு, "இந்தக் காசு எங்க தம்பி போவுது?" என்றார். மறைமாவட்டம் வழியாகப் போய், ஏதோ ஒரு நாட்டில் நம்மைவிடச் சின்னதாக இருக்கும் திருச்சபைக்குச் சேரும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சேந்துச்சுன்னு அவங்க லெட்டர் போடுவாங்களா?"