அடிச்சட்டம் இற்றுப்போகாமல் இருக்க
அயனியோ தேக்கோ, மரவீட்டில் முதலில் இற்றுப்போவது அடிச்சட்டம்தான், அதாவது அடித்தளத்தின் மேல் படுக்கையாகக் கிடந்து தூண்களைத் தாங்கும் மரம். ஆனிச் சாரலும் ஐப்பசி மழையும் அடிக்கிற குமரி மாவட்டத்தில் கருங்கல் அடித்தளம் தரைக்கு மேல் ஒன்றரை அடியாவது நிற்கட்டும். கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே தார்த்தாள் விரியுங்கள்.

மூலையில் இரு சட்டங்களின் தடிமனையும் பாதிக்குப் பாதி வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேருங்கள். நீளச் சேர்ப்பு அந்தரத்தில் நிற்கக் கூடாது, கல்லின் மேலேயே அமர வேண்டும். 6 அங்குலச் சட்டத்தில் தூணின் கழுந்து (குழிக்குள் இறங்கும்படி செதுக்கிய முனை) 2 அங்குலத் தடிமன் போதும். கழுந்து இறங்கும் குழியின் அடியிலிருந்து வெளிப்பக்கம் சரிவாக அரை அங்குலத் துளை ஒன்று போடுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். குழிக்குள் தேங்கும் நீர் கழுந்தை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும், தட்டினால் 'பொத்'தென்று கேட்கும். வெட்டுமுனைகளில் முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் இரண்டு முறை பூசுங்கள். கையுறை கட்டாயம், பட்டால் தோல் வெந்துவிடும். சட்டத்தைச் சுற்றிச் சிமென்ட் பூசவே பூசாதீர்கள், ஈரம் வெளியேற வழியிருக்காது.